டின் சாடினும் கொண்டைக்கடலையும்

சம்பளத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும். ஐஸ்பெட்டியில் கோழியும் இல்லை, ஈர மீனும் இல்லை. அலமாரி ஓரத்தில் ஒரு சாடின் டின் மட்டும் உட்கார்ந்திருக்கும். அதை வைத்து என்ன செய்வோம்? தோட்டத்து வீடானாலும் பட்டணத்து அடுக்குமாடி ஆனாலும் பதில் ஒன்றுதான். குழம்பு! வெங்காயம், தக்காளி, இரண்டு கரண்டி மசாலாத் தூள், ஆள் கூடினால் இன்னொரு குவளைத் தண்ணீர்.

சாடின் குழம்பை நான் குறை சொல்லவில்லை. சுடுசோற்றில் ஊற்றிப் பிசைந்தால் அதன் ருசியே தனி. ஆனால் அதில் ஒரு கோளாறு உண்டு, சகோதரிகளே. கோளாறு ருசியில் அல்ல, பங்கில். சின்ன டின்னில் இருப்பது சில துண்டுகள்தாம். உழைத்துவிட்டு வருகிறார் என்று வீட்டுக்காரருக்கு இரண்டு துண்டு. வளர்கிற பிள்ளை என்று மகனுக்கு ஒன்று. பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று மகளுக்கு ஒன்று. கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற அம்மாவுக்கு வெங்காயமும் சாறும். அவளும்தானே விடியற்காலையில் எழுந்து போய்ப் பால் வெட்டிவிட்டோ, செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிவிட்டோ, தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டோ வந்தவள்? அவள் தட்டில் மீன் இல்லை என்பதை வீட்டில் ஒருவரும் கவனிப்பதில்லை. ஏனென்றால் கரண்டியைப் பிடிப்பவளே அவள்தான்!

ஆகவே இந்த முறை அந்த டின்னைக் குழம்பாக்க வேண்டாம். பயற்றோடு கலந்து ஒரு சாலட் செய்யலாம். மீனை உதிர்த்துக் கலந்துவிட்டால் துண்டு என்று எதுவும் இராது. ஒரு கரண்டி அள்ளினால் அதில் மீனும் இருக்கும், பயறும் இருக்கும், காயும் இருக்கும். யாருக்கு எடுத்து வைத்தாலும் அதே பங்குதான்.

சாலட்டா, அது துரை வீட்டுச் சாப்பாடல்லவா என்று முகம் சுளிக்காதீர்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கெராபு என்று எதைச் செய்கிறாரோ, நாம் நவராத்திரிக்குச் சுண்டல் என்று எதைச் செய்கிறோமோ, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பண்டம்தான் இது.

முதலில் பயற்றைப் பார்ப்போம். வயிற்றை நிரப்பப் போவது அதுதான். டின்னில் தக்காளிச் சாறோடு வருகிற பேக்டு பீன்ஸ் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அவசரத்துக்கு ஆகும். ஆனால் அதில் சர்க்கரையும் உப்பும் உண்டு. வடிதட்டில் கொட்டித் தண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டுச் சேர்ப்பது நல்லது. சிக்கனம் பார்க்கிறவர்கள் கொண்டைக்கடலைக்கு வாருங்கள். கணக்கைக் கேளுங்கள். 500 கிராம் பாக்கெட் ஒன்றை ஊற வைத்து அவித்தால் ஒரு கிலோவுக்கு மேல் வரும். 400 கிராம் என்று எழுதிய கடலை டின்னில் தண்ணீரை வடித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 240 கிராம். அப்படியானால் ஒரு பாக்கெட், நாலு டின்னுக்கு மேல்! கடைக்குப் போகும்போது இரண்டின் விலையையும் பார்த்து நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு முழுப் பாக்கெட்டையும் நிறையத் தண்ணீர் விட்டு ஊறப்போடுங்கள். மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் அவியுங்கள். நகத்தால் அழுத்தினால் நசுங்க வேண்டும், குழையக் கூடாது. ஆறியதும் மூன்று பங்காக்கிப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி ஐஸ்பெட்டியின் உறைபகுதியில் போட்டுவிடுங்கள். ஒரு முறை எரிந்த கேஸில் மூன்று வேளைக்குக் கடலை தயார். வேண்டிய நாளில் காலையில் ஒரு பையைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு வேலைக்குப் போனால், மதியம் திரும்புவதற்குள் பதமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சிலர் கடலைக்குப் பதில் சிவப்பு ராஜ்மா வாங்குவார்கள். அது அரைவேக்காட்டில் உடம்புக்கு ஆகாது. அதிலுள்ள ஒருவகை நச்சு வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும். இரவு முழுதும் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, கொதிக்கக் கொதிக்க அரை மணி நேரமாவது வேகவைத்து, பிறகு மெத்தென்று ஆகும்வரை அவிக்க வேண்டும். சிறு தீயில் மெல்ல வேகவிடுவது அதற்கு உதவாது. கடையில் டின்னில் விற்கிற ராஜ்மா ஏற்கெனவே வெந்தது. அதில் இந்தப் பயம் இல்லை.

அடுத்தது மீன். நாலு பேருக்கு, தக்காளிச் சாறில் உள்ள 155 கிராம் டின் ஒன்று போதும். கடலைதான் கை கொடுக்கிறதே! ஆறேழு பேர் உள்ள வீட்டில் 425 கிராம் டின்னையே வாங்குங்கள். கடலையையும் இரண்டு பை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சின்ன டின்னின் விலையையும் ஒரு பெரிய டின்னின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எது இலாபம் என்பது தெரியும். நம் வீடுகளில் பலகாலமாகக் கோழிப் படம் போட்ட டின்னைத்தான் கேட்டு வாங்குகிறோம். அந்த ஐயாம் பிராண்டை 1892இல் சிங்கப்பூரில் தொடங்கியவர் ஆல்பிரட் குளுவே என்ற பிரெஞ்சுக்காரர். கோழி அவர் நாட்டுச் சின்னம். மீன் டின்னில் கோழிக்கு என்ன வேலை என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்! வேறு சின்னம் மலிவாகக் கிடைத்தால் அதையும் தாராளமாக வாங்கலாம். ஆனால் டின்னைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உப்பியிருந்தாலும், ஒழுகியிருந்தாலும், ஓரத்து மடிப்பில் நசுங்கியிருந்தாலும், ஆழமாகத் துருப்பிடித்திருந்தாலும் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். கெட்டுவிட்டதோ என்று நாக்கில் வைத்துச் சோதிக்கவும் கூடாது.

டின் மீனைச் சமைக்காமல் சாப்பிடலாமா என்று பலருக்குச் சந்தேகம். டின்னை அடைத்த பிறகு கடும் சூட்டில் வேகவைத்துத்தான் அனுப்புகிறார்கள். அதனால்தான் அதன் முள்ளும் விரலால் அழுத்தினால் பொடியாகிறது. அந்த நடுமுள்ளை எடுத்து எறிந்துவிடாதீர்கள். சுண்ணாம்புச் சத்து அதில்தான் இருக்கிறது. முள்ளோடு சேர்த்து நசுக்கி உதிர்த்தால் பிள்ளைகளுக்கு அது இருப்பதே தெரியாது.

இனிக் கலக்கலாம். வீட்டுக்கு வந்ததும் சோற்றுப் பானையை ஏற்றிவிட்டு ஆரம்பித்தால், சோறு வேகும் முன்னே இது முடிந்துவிடும். ஒரு பெரிய வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, நாலைந்து லீமாவ் கஸ்தூரியைப் பிழிந்து ஊற வையுங்கள். பத்து நிமிடத்தில் வெங்காயத்தின் காரம் அடங்கும். பிறகு அந்தச் சாறே மீன் வாடையையும் அடக்கும். ஒரு வெள்ளரிக்காயை விதை நீக்கிப் பொடியாக நறுக்குங்கள். கொல்லையில் பயற்றங்காய் காய்த்திருந்தால் பிஞ்சாகப் பார்த்து ஏழெட்டுப் பறித்து, நன்றாகக் கழுவி, பச்சையாகவே மெல்லிய வட்டமாக அரியுங்கள். பல்லில் கறுக்கென்று கடிபடுவது அதுதான். காரட்டோ செங்காய் மாங்காயோ இருந்தால் துருவிப் போடலாம். இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் கடலையோடு அகன்ற பாத்திரத்தில் போட்டு, மீனை உதிர்த்துச் சேர்த்து, டின் சாற்றில் பாதியை மட்டும் ஊற்றி, கரண்டியால் மெதுவாகப் புரட்டுங்கள். உப்புப் போடாதீர்கள். டின்னிலேயே போதுமான உப்பு இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் சாற்றை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். மிளகுத் தூள் தாராளமாக, மல்லித்தழை ஒரு பிடி. சிலி பாடியைத் தனியாக நறுக்கி வைத்தால் வேண்டியவர் போட்டுக்கொள்வார்.

தாளிக்காத பண்டம் தொண்டையில் இறங்காது என்பவர்களும் நம்மில் உண்டு. அவர்களுக்காக ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, ஒரு காய்ந்த மிளகாய் தாளித்து மேலே கொட்டுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு நிமிட வேலையை விடவே கூடாது. பூங்கா காந்தான் கிடைக்கிறவர்கள் அதில் இரண்டு மூன்று இதழை நூல்போல் அரிந்து சேர்த்தால், வீட்டுக்கு வந்த விருந்தாளியும் செய்முறை கேட்டுவிட்டுத்தான் போவார்.

மருந்தடிக்கும் வேலை பார்க்கிற சகோதரிகளுக்குத் தனியாக ஒரு சொல். இது அடுப்பில் கொதிக்காத சாப்பாடு. கையில் இருப்பது அப்படியே வயிற்றுக்குப் போகும். வேலை உடுப்பை மாற்றி, குளித்து, நகக் கண்வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே வெங்காயத்தைத் தொடுங்கள். அதுவரை காய் நறுக்குகிற வேலையை வீட்டிலிருக்கும் பெரிய பிள்ளை பார்க்கட்டும். மகளென்றில்லை, மகனும் பார்க்கலாம்.

சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் சாடினில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. அவித்த கொண்டைக்கடலையில் சுமார் 9 கிராம். அதே அளவு சோற்றில் மூன்று கிராம்கூடத் தேறாது. கடலையில் இரும்புச் சத்தும் உண்டு. இரத்தம் குறைவு, தலை சுற்றுகிறது என்று கிளினிக்கில் கேட்டு வருகிற பெண்களுக்கு இது வேண்டும். லீமாவ் புளிப்பு அந்த இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கிற தேத்தண்ணி அதைத் தடுக்கும். தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சோற்றைப் பாதியாக்கி இதைக் கூட்டிக்கொள்ளலாம். யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்குகிறவர்களுக்குச் சாடின் ஆகாது. அவர்களுக்கு மீன் கலக்கும் முன்னே கடலையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இதைக் கலந்த நிலையில் காலையிலேயே காட்டுக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டாம். நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கடலையும் காயும் ஒரு டப்பாவில், இழுத்துத் திறக்கும் சின்ன டின் ஒன்று தனியாக, இரண்டு லீமாவ் பையில். கடலையை மட்டும் உறைந்தபடியே டப்பாவில் போடுங்கள். சாப்பிடும் நேரத்துக்குள் பதமாகிவிடும். சாப்பிட உட்காரும்போது டின்னைத் திறந்து கலந்துகொள்ளலாம். வீட்டில் மிஞ்சியதை உடனே மூடி ஐஸ்பெட்டியில் வையுங்கள். டின்னில் மிஞ்சிய சாற்றை டின்னோடு வைக்காமல் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். மறுநாள் காலை அந்தச் சாலட்டைக் கரண்டியால் நசுக்கி ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தால், பள்ளிக்கூட அவசரத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.