வழக்குத் தொடர யாருடைய அனுமதி?

2000 ஜூலை 25 அன்று சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே கைது செய்யப்பட்டு, மும்பை போய்வாடா நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். கலவர நாட்களில் ‘சாம்னா’ ஏட்டில் வெளிவந்த எழுத்துகளின் மூலம் வகுப்புகளுக்கிடையே பகைமையைத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. நகரெங்கும் காவல் போடப்பட்டிருந்தது. நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்தது. ஆனால் அன்றைய பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குற்றம் நடந்து ஏழாண்டுகள் கடந்துவிட்டன, சட்டம் விதித்த காலவரம்பு மூன்றாண்டுகள்தான் என்று கூறி நடுவர் வழக்கைத் தள்ளுபடி செய்தார். தாக்கரே அன்றே வீடு திரும்பினார்.

அந்த எழுத்துகள் குற்றமா இல்லையா என்ற கேள்விக்குள் அந்த நீதிமன்றம் நுழையவே இல்லை. அந்தக் கேள்விக்கு எந்த நீதிமன்றமும் பின்னாளில் விடை சொல்லவும் இல்லை. ஏழாண்டுகள் எங்கே போயின என்பதைத்தான் கேட்க வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவின்படி வழக்கை விசாரணைக்கு ஏற்க மாநில அரசின் முன் அனுமதி அப்போது வேண்டியிருந்தது. அந்த அனுமதியைத் தரும் அதிகாரம் 1993இல் காங்கிரஸ் அரசிடம் இருந்தது. 1995 முதல் சிவசேனை–பாஜக கூட்டணி அரசிடம் இருந்தது. முதல் அரசு துணியவில்லை. இரண்டாவது அரசு விரும்பவில்லை. அனுமதி கைக்கு வந்தபோது காலம் கைவிட்டுப் போயிருந்தது. நீதியின் நலன் கருதித் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அதே நடைமுறைச் சட்டம் நீதிமன்றத்துக்கு அளித்திருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் கொல்லப்பட்டோர் 900 பேர். அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். இது நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் தந்த கணக்கு. சாவின் காரணங்களையும் ஆணையம் தனித்தனியே கணக்கிட்டது. கத்திக்குத்தில் இறந்தவர்கள் 347 பேர். காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இறந்தவர்கள் 356 பேர். கலவரத்தை அடக்க வந்த துப்பாக்கி, கலவரக்காரர்களின் கத்தியைவிட அதிக உயிர்களைக் குடித்திருக்கிறது.

தாராவித் தமிழர்களுக்கு இது ஏட்டில் படித்த செய்தியன்று. பாபர் மசூதி இடிக்கப்பட்ட 1992 டிசம்பர் 6 அன்று, இடிப்பைக் கொண்டாடிச் சிவசேனையினர் தாராவியில் சைக்கிள் ஊர்வலம் நடத்தினர். பதற்றம் மிகுந்த பகுதிகளின் வழியாகச் சென்ற அந்த ஊர்வலம் காலா கில்லாவில் கூட்டமாக முடிந்தது. ஊர்வலத்தை யாரும் தடுக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களும், அதே சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தலித் குடும்பங்களும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த இடம் தாராவி. ஒரே ஊர்ப்பேச்சைப் பேசியவர்களின் நடுவே மதவெறி கோடு கிழித்தது. தமிழர்களுக்கு இதில் ஒரு பழைய நினைவும் உண்டு. அறுபதுகளில் இதே சிவசேனை மாட்டுங்காவின் தென்னிந்தியர்களைத்தான் முதல் எதிரியாகக் காட்டி வளர்ந்தது. 1970இல் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ண தேசாய் படுகொலை செய்யப்பட்டார். கத்தி பிடித்தவர்கள் சிலர் தண்டனை பெற்றனர். விசாரணை அவர்களுக்கு மேலே ஏறவில்லை.

ஆணையத்தின் கதையே தனியாகச் சொல்லத்தக்கது. 1993 ஜனவரியில் அமைக்கப்பட்ட ஆணையத்தை, 1996 ஜனவரியில் சிவசேனை–பாஜக அரசு கலைத்தது. எதிர்ப்பு வலுத்ததால் அதே ஆண்டு மே மாதம் மீண்டும் உயிர் கொடுத்தது. கூடவே 1993 மார்ச் 12 குண்டுவெடிப்புகளையும் அதன் விசாரணை வரம்புக்குள் சேர்த்தது. 1998 பிப்ரவரியில் அறிக்கை அரசின் கைக்கு வந்தது. ஆகஸ்ட் மாதம்தான் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. வைத்த கையோடு, இந்துக்களுக்கு எதிரான அறிக்கை என்று கூறி முதலமைச்சர் மனோகர் ஜோஷி அதை ஒதுக்கினார். போர்ப் பழக்கம் மிக்க தளபதியைப்போல் தாக்கரே தம் தொண்டர்களை ஏவினார் என்று ஆணையம் எழுதியிருந்தது. 31 காவல்துறையினர்மீது பெயர் குறித்துக் குற்றம் கண்டிருந்தது. விசாரணை ஆணையங்கள் சட்டம் 1952இன்படி அமைக்கப்படும் ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஏற்பதும் ஏற்காததும் அரசின் விருப்பம். குற்றம் சாட்டப்பட்ட இயக்கமே கோட்டையில் அமர்ந்திருந்தபோது அந்த விருப்பம் எப்படி இருக்கும்?

அறிக்கையை நிறைவேற்றுவோம் என்று வாக்குறுதி தந்து 1999இல் ஆட்சிக்கு வந்தது காங்கிரஸ்–தேசியவாத காங்கிரஸ் கூட்டணி. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டது. சுலைமான் பேக்கரித் துப்பாக்கிச்சூட்டு வழக்கில் முன்னாள் காவல் ஆணையர் ஆர்.டி.தியாகியும் வேறு சில காவலர்களும் சேர்க்கப்பட்டனர். 2003இல், விசாரணை தொடங்கும் முன்பே, தியாகி வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். வடாலா ஹரி மசூதியில் 1993 ஜனவரி 10 அன்று தொழுகைக்கு வந்தவர்கள்மீது காவலர்கள் சுட்டனர். குண்டடிபட்டுப் பிழைத்தவர் ஒருவர்மீதே கலவர வழக்குப் போடப்பட்டது. அவர் குற்றமற்றவர் என்று 2009இல்தான் நீதிமன்றம் சொன்னது. சுட்டவர்கள்மீதான குற்றச்சாட்டை விசாரிக்க உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையைப் பணித்தது. அத்துறையோ வழக்கை முடித்துக்கொள்ளும் அறிக்கையைத் தாக்கல் செய்தது. அரசியல்வாதிகளில் மதுகர் சர்போத்தர் 2008இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பிணையில் இருந்தவாறே 2010இல் காலமானார்.

குண்டுவெடிப்பு வழக்கு இப்படி நடக்கவில்லை. 257 உயிர்களைப் பறித்த அந்தக் கொடுமைக்குத் தனி நீதிமன்றம் அமைக்கப்பட்டது. நூறு பேர் தண்டிக்கப்பட்டனர். 2015 ஜூலை 30 அன்று ஒருவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய இரவு முழுவதும் உச்ச நீதிமன்றம் விழித்திருந்தது. குண்டு வைத்தவர்கள் தண்டிக்கப்பட்டது தவறு என்று இடதுசாரிகள் எவரும் சொல்லவில்லை. ஒரே நகரம், மூன்று மாத இடைவெளி, ஒரே ஆணையத்தின் அறிக்கை. ஒன்றில் புலனாய்வு, தனி நீதிமன்றம், தூக்குமரம் என எல்லாம் கிடைத்தன. மற்றொன்றில் 900 சாவுகளுக்குக் கோப்புகள் மிஞ்சின.

கலவரத்தோடு இது நின்றுவிடவில்லை. செம்பூரை அடுத்த காட்கோபர் ரமாபாய் அம்பேத்கர் நகரில் 1997 ஜூலை 11 அன்று அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டது. கொதித்தெழுந்த மக்கள்மீது மாநிலச் சேமக் காவல்படை சுட்டதில் பத்துப் பேர் மாண்டனர். நெடுஞ்சாலையில் நின்ற எரிவாயு லாரிகளுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள் என்று அரசுத் தரப்பு சொன்ன கதை பின்னர் நிற்கவில்லை. சில நாட்களில் மக்கள் பாடகர் விலாஸ் கோக்ரே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். சுட உத்தரவிட்ட துணை ஆய்வாளருக்கு 2009 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த அத்தண்டனையும் மேல்முறையீட்டில் நிறுத்திவைக்கப்பட, விரைவிலேயே அவர் பிணையில் வந்தார்.

அரசு ஊழியர் ஒருவர் தம் கடமையின்போது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு அரசின் அனுமதியின்றி வழக்கை ஏற்கக் கூடாது என்றது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவு. நேர்மையான ஊழியரைப் பொய் வழக்கிலிருந்து காப்பதற்கு என்பார்கள். வெள்ளையராட்சி தன் அதிகாரிகளைக் குடிமக்களின் கைக்கு எட்டாமல் வைத்திருந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி அது. ‘சாங்ஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அனுமதி, தண்டனை என்று நேரெதிரான இரு பொருள்கள் உண்டு. ஏழைக்கு இரண்டாவது பொருளும் அதிகாரிக்கு முதல் பொருளும் வாய்த்திருக்கின்றன. புதிய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 218ஆம் பிரிவில் இதே ஏற்பாட்டைத் தொடர்கிறது. 120 நாட்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும் என்ற விதி மட்டும் புதிது. அது பயனுள்ள விதிதான். ஆனால் 119ஆம் நாளில் ‘மறுக்கப்படுகிறது’ என்று ஒரு வரி எழுத எந்த அரசுக்கும் தடையில்லை.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2024 ஜூலை 1. அதே நாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், அதிபரின் மையமான அரசமைப்பு அதிகாரங்களைச் சார்ந்த செயல்களுக்காக அவர்மீது ஒருபோதும் குற்றவழக்குத் தொடர முடியாது என்றது. பிற அலுவல் செயல்களுக்கும் விலக்கு உண்டென்றே கருத வேண்டும் என்றது. 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனக் காணப்பட்ட டிரம்புக்கு 2025 ஜனவரி 10 அன்று சிறையுமில்லை, அபராதமுமில்லை. பத்து நாளில் பதவியேற்றவர், நாடாளுமன்றக் கட்டடத்தைத் தாக்கிய ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். உலகுக்குச் சட்டத்தின் ஆட்சியைப் போதிக்கும் நாடு அது. அங்கே நீதிபதிகள் வெளிப்படையாக எழுதித் தருவதை இங்கே கோப்பு மேசையிலேயே தூங்கிச் சாதித்துவிடுகிறது.

இருந்தும் மும்பையில் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மக்களைக் காக்க மாநில அரசு தவறியதை ஏற்றுக்கொண்டது. காணாமற்போன 168 பேரில் 108 பேரின் குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்படவே இல்லை என்பதைக் கண்டு, தலா இரண்டு லட்சம் ரூபாயை 1999 ஜனவரி முதல் 9 சதவீத வட்டியுடன் வழங்க ஆணையிட்டது. தேடப்படுவோர் கிடைக்கவில்லை என்று தூங்கவைக்கப்பட்ட 97 வழக்குகளை உயிர்ப்பிக்கச் சொன்னது. குற்றம் காணப்பட்ட காவல்துறையினர்மீது புதிய நடவடிக்கை எதற்கும் அது ஆணையிடவில்லை என்பது பெருங்குறை. ஆயினும் கையில் இருக்கும் இந்த ஆணை செயலுக்கு வர வேண்டும். மகாராஷ்டிர சட்டப் பணிகள் ஆணையத்தின் உறுப்பினர்–செயலர் தலைமையில் இதற்கெனக் குழு உண்டு. எத்தனை குடும்பங்களுக்குப் பணம் சேர்ந்தது, 97இல் எத்தனை வழக்குகள் நீதிமன்றப் படியேறின என்ற கணக்கை மாநில அரசு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.

முப்பது ஆண்டுகளில் குடிசைகள் இடம்பெயர்ந்திருக்கின்றன. முகவரிகள் மாறியிருக்கின்றன. மனு எழுதத் தெரியாத முதிய தாய்மார் சிலர் ஊருக்கே திரும்பியிருக்கக் கூடும். தாராவியிலும் செம்பூரிலும் சீத்தா கேம்பிலும் உள்ள கட்சிக் கிளைகள், பாதிக்கப்பட்ட குடும்பங்களில் எவரேனும் தம் பகுதியில் உண்டா என வீடு வீடாகக் கேட்டறிவதும், காவல்நிலையப் பதிவு, ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றின் நகல்களைத் திரட்டி அக்குழுவின் முன் வைப்பதும் உடனே தொடங்க வேண்டிய பணிகள். நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் கிளைகள் ஊர் திரும்பியவர்களைத் தேடித் தர வேண்டும்.