தீபாவளிக்கு ஊருக்குப் போனா தீபாவளி போயிடுமா?

ஒரு ஆன்லைன் கேம். பேரு வேணாம். சில வருஷம் முன்னாடி அதுல தீபாவளி ஈவென்ட் ஏழு நாள் வச்சாங்க. ஏழு நாளும் தவறாம உள்ள போனா ஒரு குத்துவிளக்கு. ஆறு நாள் ஒழுங்கா போயாச்சு. ஏழாவது நாள்தான் தீபாவளி.

முந்தின ராத்திரி நாவலூர்ல ஆபீஸ் முடிச்சு, பெருங்களத்தூர்ல பஸ் பிடிச்சு, விடிகாலைல ஊர் போய்ச் சேர்ந்தேன். வீட்டுல சிக்னல் இல்ல. மொட்டை மாடில தண்ணித் தொட்டி மேல ஏறி போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கீழ அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோட, "எல்லாரும் குளிச்சாச்சு, நீ அங்க என்னடா பண்றே?"ன்னு சத்தம் போடறாங்க. அன்னிக்குப் பூரா சிக்னல் வரல. விளக்கும் போச்சு.

தீபாவளி கொண்டாடப் போனவனுக்கு தீபாவளி விளக்கு கிடையாதாம். என்ன நியாயம் சார் இது? :-)

அப்போலேர்ந்து மனசுல ஓடுற கேள்வி: பண்டிகை ஈவென்ட் எத்தனை நாள் இருக்கணும்?

போகிமான் கோவையே எடுத்துக்குங்க. 2016 டிசம்பர்ல இந்தியாவுக்கு வந்த கேம். தீபாவளியை ஒட்டி 'ஃபெஸ்டிவல் ஆஃப் லைட்ஸ்'னு ஒண்ணு நடத்தினாங்க. 2021ல தீபாவளி நவம்பர் 4, ஈவென்ட் 5லேர்ந்து 14 வரைக்கும். 2022ல தீபாவளி அக்டோபர் 24, ஈவென்ட் 14லேர்ந்து 17 வரைக்கும். 2023ல தீபாவளி நவம்பர் 12, ஈவென்ட் 7லேர்ந்து 12 வரைக்கும். அதாவது ஒரு வருஷம் வெடிச்ச குப்பையைக் கூட்டுற அன்னிக்கு ஆரம்பம். அடுத்த வருஷம் பலகாரத்துக்கு மாவு அரைக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு. மூணாவது வருஷம் தீபாவளி உள்ள வந்துடுச்சு, ஆனா அன்னிக்கே கடையை மூடிட்டாங்க.

உலகம் பூரா நடக்கற ஈவென்ட், நம்ம பஞ்சாங்கம் பார்த்தா வைக்க முடியும்னு கேக்கலாம். சரி, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டைப் பாருங்க. அதுல கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் வழக்கமா டிசம்பர் 16லேர்ந்து ஜனவரி 2 வரைக்கும். பண்டிகை நாள் பத்திரமா நடுவுல உக்காந்திருக்கு. ஊருக்குப் போனவன் திரும்பி வந்து ஆடலாம். அதே மரியாதையைத்தான் நாமளும் கேக்கறோம்.

அப்போ ஒரு மாசம் விட்டா என்ன? அங்கயும் சிக்கல் இருக்கு. 2020ல அனிமல் கிராஸிங்ல ஈஸ்டருக்காக ஏப்ரல் 1லேர்ந்து 12 வரைக்கும் முட்டை வேட்டை வச்சாங்க. மரத்தை வெட்டினா முட்டை, மீன் பிடிச்சா முட்டை, பாறையைத் தட்டினா முட்டை. பாதியிலயே ஜனங்க அலறி, அப்டேட் போட்டு முட்டையைக் குறைச்சாங்க. பன்னெண்டே நாள்தான்! நாள் கணக்கு மட்டும் விஷயமில்ல, ஒவ்வொரு நாளும் எவ்வளவு இடத்தை அடைச்சுக்குதுங்கறதும் இருக்கு. மார்கழி முப்பது நாளும் நமக்கு அலுக்காததுக்குக் காரணம், அது விடிகாலைல ஒரு கோலத்தோட, ஒரு பாசுரத்தோட நம்மளை விட்டுடும்.

அதே சமயம் முடிவுன்னு ஒண்ணு வேணும். கொலு வைக்கிற வீடுகள்ல விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையையாவது படுக்க வச்சுடுவாங்க. சின்ன வயசுல அதைப் பார்த்தா அழுகையா வரும். ஆனா வருஷம் பூரா படியிலயே நின்னா அது கொலு இல்ல, ஷோகேஸ்.

அதனால என் தீர்ப்பு: பத்து நாளுக்குக் குறையாம, ரெண்டு வாரத்துக்கு மேல போகாம. பண்டிகை நாள் கண்டிப்பா உள்ள இருக்கணும். பண்டிகைக்கு அப்புறம் ஒரு சனி ஞாயிறு முழுசா கிடைக்கணும். எல்லாத்தையும் விட முக்கியமா, பதினாலு நாள் நடந்தா எட்டு நாள் வந்தவனுக்கும் பரிசு உண்டுன்னு வைக்கணும்.

நானும் கோடு எழுதித்தான் சோறு திங்கறேன். 'தினமும் வா'ங்கற கண்டிஷன் யாருக்காகன்னு தெரியும். மீட்டிங்ல காட்டுற கிராஃப் மேல ஏறணும், அவ்வளவுதான். ஆனா பண்டிகை அன்னிக்கு அந்த கிராஃப் கொஞ்சம் கீழ இறங்கினா, ஜனங்க வீட்டுல நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். இறங்கட்டுமே!

டிஸ்கி: அடுத்த தீபாவளிலேர்ந்து தண்ணித் தொட்டி மேல ஏறறதை விட்டாச்சு. அம்மா கையால எண்ணெய் தேய்ச்சுக்கறதுக்கு எந்த சர்வர்லயும் எக்ஸ்டென்ஷன் கிடையாது.