ஏழிசை எட்டாக் கனியா?

இசை பயில ஆவலுடன் சென்று அமரும் இளைஞனுக்கு, இசையுலகின் வாயிற்காவலர்கள் அளிக்கும் முதல் விருந்து எது? இன்னிசையா? அன்று, சொற்கள்! ஸ்ருதி, ஸ்வரம், ஸ்தாயி, ஆரோகணம், அவரோகணம், வாதி, ஸம்வாதி, விவாதி, ஸம்பூர்ணம், ஷாடவம், ஔடவம், லகு, த்ருதம், அனுத்ருதம்! அடுக்கடுக்காய் வந்து விழுகின்றன. இளைஞன் விழிக்கிறான், பொருள் கேட்கிறான். "முதலில் உருப்போடு, பொருள் பிறகு தானே விளங்கும்" என்று விடை வருகிறது. விளங்காததை ஓது, ஓதியவனை வணங்கு என்னும் பழைய பாடம், ஆலயத்தில் தொடங்கிய அந்தப் பாடம், இசைக் கூடத்திலும் தொடர்கிறது!

ஆரோகணம் என்றால் என்ன? ஏறுதல். அவரோகணம்? இறங்குதல். இவ்வளவுதான்! நாள்தோறும் பனையில் ஏறி இறங்கும் தொழிலாளியின் மகனுக்கு ஏற்றமும் இறக்கமும் விளங்காதா? ஏறுநிரல், இறங்குநிரல் என்று சொன்னால், சொல்லி முடிக்குமுன் புரிந்துகொள்வான். ஆனால், அப்படிப் புரிந்துவிட்டால் மருட்சி ஏது? மருட்சி இல்லையேல் மதிப்பு ஏது? எளிய பொருளுக்கு அரிய பெயரைச் சூட்டி, அந்தப் பெயருக்கு முன்னால் எளியவனைக் கைகட்டி நிற்க வைப்பது நாட்டில் நெடுங்காலமாக நடக்கும் வாணிபம். இசையும் அந்தச் சந்தையில் சிக்கியது.

"இசைக்கு மொழி ஏது? ஏன் இதில் மொழிப் பூசலைப் புகுத்துகிறீர்?" என்று சிலர் நயமாகக் கேட்பார்கள். நல்ல கேள்வி! இசைக்கு மொழி இல்லை, நாமும் ஒப்புகிறோம். ஆனால் இசை இலக்கணத்துக்கு மொழி உண்டு. ஓசையைக் காது கேட்கும். ஓசையைப் பற்றிய விளக்கத்தை அறிவுதான் கேட்கும். அறிவு கேட்பது தாய்மொழியில். மொழியே தேவையில்லை என்போர், அந்த விளக்கத்துக்கு மட்டும் வடமொழியே தேவை என்று வற்புறுத்துவது ஏன்? மொழி வேண்டாம் என்கிறார்களா, தமிழ் வேண்டாம் என்கிறார்களா? இரண்டில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லட்டும்.

அடிப்படை இலக்கணம் அப்படி என்ன விண்ணைத் தொடும் வித்தை? பார்ப்போம். ஒரு கம்பியை இழுத்துக் கட்டி மீட்டுங்கள். ஓர் ஒலி பிறக்கிறது. அதே கம்பியைச் சரிபாதியில் அழுத்தி மீட்டுங்கள். அதே ஒலி, ஆனால் உயர்ந்த நிலையில் பிறக்கிறது. அந்த இரண்டு ஒலிகளுக்கும் இடையே நிற்கும் ஏழு படிகளே ஏழிசை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று அவற்றுக்குப் பெயரிட்டனர் தமிழர். இன்று ச, ரி, க, ம, ப, த, நி என்று பாடப்படுவனவும் ஏழே. கம்பியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஒலிக்கும்போது பிறப்பது இளி. நான்கில் மூன்று பங்கு ஒலிக்கும்போது பிறப்பது உழை. மேல் நிலையை வலிவு என்றனர், நடு நிலையைச் சமன் என்றனர், கீழ் நிலையை மெலிவு என்றனர். வலிவு என்றதும் குரலை உயர்த்த வேண்டும் என்பதும், மெலிவு என்றதும் தாழ்த்த வேண்டும் என்பதும் விளங்கவில்லையா? சொல்லே பாதிப் பாடத்தை நடத்தி முடித்துவிடுகிறதே!

ஒலிகளுக்குள் உறவு உண்டு. அந்த உறவை நம் முன்னோர் எப்படிப் பெயரிட்டு வழங்கினர்? நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. கிளை என்றால் உறவினர். நட்பும் பகையும் யார்க்கும் தெரிந்தவை. குடும்பத்தைக் கண்ட குழந்தைக்கு, ஊரைக் கண்ட சிறுவனுக்கு, இந்தச் சொற்கள் அன்னியமா? குரலுக்குக் கிளை இளி; இளிக்குக் கிளை துத்தம்; துத்தத்துக்குக் கிளை விளரி; விளரிக்குக் கிளை கைக்கிளை. ஐந்து ஐந்தாக எண்ணிச் செல்லும் இந்தச் சங்கிலியை மேலைநாட்டு இசை நூல்களும் போற்றிக் கற்பிக்கின்றன. பழையவர் பகை என்று ஒதுக்கியதை இன்றைய செவி ஏற்கலாம், மறுக்கலாம். அது வேறு ஆராய்ச்சி. சொல் விளங்குகிறதா என்பதே நம் கேள்வி. வாதியும் விவாதியும் வழக்குமன்றத்தை அல்லவா நினைவூட்டுகின்றன!

பண் என்னும் பகுதிக்கு வருவோம். ஏழு நரம்பும் பயில்வது பண். ஆறு பயில்வது பண்ணியல். ஐந்து பயில்வது திறம். நான்கு பயில்வது திறத்திறம். ஸம்பூர்ணம், ஷாடவம், ஔடவம், ஸ்வராந்தரம் என்று நாவைச் சுளுக்கிக்கொள்ளத் தேவையில்லை. ஓதுவார்கள் பழம்பஞ்சுரம் என்று பாடுவது கச்சேரி மேடையில் சங்கராபரணம்; கௌசிகம் என்று பாடுவது பைரவி; செந்துருத்தி என்று பாடுவது மத்தியமாவதி. பொருள் ஒன்றே, பெயர்ப்பலகைதான் வேறு.

தாளமோ? கொட்டு, அசை, தூக்கு, அளவு. அரை மாத்திரை, ஒன்று, இரண்டு, மூன்று. கொட்டு என்றால் கையைக் கொட்டு! இதற்கு உரை வேண்டுமா, உரையாசிரியர் வேண்டுமா? இன்று ஆதிதாளம் போடும் ஆசிரியரின் கையைக் கவனியுங்கள். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை. பிறகு ஒரு தட்டு, ஒரு வீச்சு. மீண்டும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. ஆக எட்டு. தட்டு, விரல், வீச்சு என்று கை தமிழ் பேசுகிறது. வாய் மட்டும் லகு, த்ருதம், த்ருதம் என்கிறது! ஏற்றம் இறைத்தபடி பாடியவனும், நாற்று நட்டபடி பாடியவளும், பறையை அதிர வைத்தவனும் தாளம் தப்பியதுண்டா? அவர்கள் அறிந்ததற்குப் பெயர் சொல்லிக் கொடுப்பதை விட்டு, "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று அவர்கள் பிள்ளைகளிடம் கூறுவது கல்வியா, கயமையா?

இலக்கணம் உயர்ந்தோர் சொத்து என்பாருக்கு இளங்கோவடிகள் என்றோ விடை எழுதி வைத்தார். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையைப் புரட்டுங்கள். மதுரைக்குப் புறத்தே ஆயர்பாடி. மாதரி என்னும் இடையர்குல மூதாட்டி, ஏழு ஆயர்குலப் பெண்களை வட்டமாக நிறுத்துகிறாள். ஏழு பெண்களுக்கும் என்ன பெயர் சூட்டுகிறாள்? குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்! இசை இலக்கணம் எங்கே இருந்தது, பார்த்தீர்களா? அரசன் அவையில் மட்டுமன்று. மோர் கடையும் மத்தின் அருகில் இருந்தது, மாட்டுத் தொழுவத்தின் ஓரத்தில் இருந்தது. தயிர் விற்கும் பெண்ணின் நாவில் தவழ்ந்த சொற்கள், இன்று பட்டம் பெற்றோர்க்கும் அகராதி தேடும் சொற்களாகிவிட்டன. வளர்ச்சியா இது?

அந்த வட்டத்தைக் கொண்டே ஒரு பெரும் பாடத்தை நடத்திவிடலாம். குரலை முதலாகக் கொண்டு எண்ணினால் செம்பாலை, இன்றைய அரிகாம்போதி. ஒலிகளை மாற்றாமல் உழையை முதலாகக் கொண்டு எண்ணினால் அரும்பாலை, இன்றைய சங்கராபரணம். இளியை முதலாகக் கொண்டால் கோடிப்பாலை, இன்றைய கரகரப்பிரியா. தாரத்தை முதலாகக் கொண்டால் மேற்செம்பாலை, இன்றைய கல்யாணி. இசையாய்வாளர்கள் நிறுவிய இணைகள் இவை. கிரகபேதம் என்று கேட்டதும் சனியும் செவ்வாயும் நினைவுக்கு வந்து பிள்ளைகள் அஞ்சுவர். ஏழு பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, "இப்போது நீ முதல்" என்று ஆளை மாற்றிக் காட்டினால், ஆரம்பப் பள்ளி விளையாட்டாக அது முடிந்துவிடும்.

"எழுபத்திரண்டு மேளங்களின் பெயர்களில் எண்ணே மறைந்திருக்கிறது, அந்த நுட்பத்தை அழிப்பதா?" என்பார்கள். நுட்பம்தான்; மறுக்கவில்லை. தீரசங்கராபரணம் என்னும் பெயரின் முதலிரண்டு எழுத்துகளுக்கு எண் கண்டு, அதைத் திருப்பிப் படித்தால் 29 வரும். ஆனால் அந்தக் கணக்கு வடமொழி எழுத்து வரிசையில் அமைந்தது. அங்கே தகர வரிசையில் நான்கு எழுத்துகளுக்கு 6, 7, 8, 9 என்று நான்கு எண்கள். தமிழில் அந்த நான்குக்கும் 'த' என்னும் ஒரே எழுத்துத்தான். தமிழ் மட்டும் அறிந்த பிள்ளை எந்த எண்ணைக் கொள்வான்? பூட்டையும் கொடுத்து, பொருந்தாத சாவியையும் கொடுத்து, திறக்கத் தெரியாதவன் என்று ஏளனம் செய்வது எந்த ஊர் நீதி? 29 என்று சொல்ல 29 என்ற எண்ணே போதுமே!

"உலகெங்கும் இசைக்குப் பொதுச் சொல் உண்டு, ஐரோப்பா முழுதும் இத்தாலியச் சொற்களைத்தானே ஆள்கிறது?" என்பாரும் உளர். அந்த ஐரோப்பாவிலேதான் பீத்தோவன் தம் பிற்காலப் பியானோப் படைப்புகள் சிலவற்றில் ஜெர்மானியக் குறிப்புகளை எழுதினார். சூமன் அந்த வழியில் இன்னும் மேலே சென்றார். அவர்கள் இசை கெட்டா போயிற்று? 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெசோ நகரத்துக் குய்தோ என்னும் துறவி, பாடகர் விரைவில் கற்க வேண்டும் என்பதற்காகவே எளிய ஒலிப்பெயர்களை வகுத்தார். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் கர்வென் என்ற பாதிரியார், சாரா குளோவர் என்ற ஆசிரியையின் முறையைத் தழுவி, ஏழை எளியவரும் பாடக் கற்கும் வழியைப் பரப்பினார். அங்கேரி நாட்டின் கோடாய், தாய்மொழி நாட்டுப் பாடலில் தொடங்கியே இசைக்கல்வி வளர வேண்டும் என்று போராடினார். அங்கே அறிஞர் கதவைத் திறக்க முயன்றனர். இங்கே தாழ்ப்பாளைக் கலை என்கின்றனர்!

பிறமொழி மீது நமக்குப் பகை இல்லை. புரந்தரதாசர் கன்னடத்தில் பாடினார். தியாகராயர் தெலுங்கில் பாடினார். தத்தம் நெஞ்சுக்கு நெருங்கிய மொழியில் அவர்கள் பாடியதால்தான் பாட்டில் உயிர் நின்றது. அவர்களைப் பின்பற்றுவது என்றால், அவர்கள் செய்ததை நாமும் நம் மொழியில் செய்வதல்லவா? முத்துத்தாண்டவரும், அருணாசலக் கவிராயரும், மாரிமுத்தாப் பிள்ளையும் அதைத்தான் செய்தனர்.

தஞ்சையில் மருத்துவராய் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், தம் உழைப்பையும் பொருளையும் ஈந்து 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். ஈழத்தில் பிறந்த விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆய்ந்து எழுதிய யாழ்நூல் 1947இல் அரங்கேறியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941இல் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. மேடையின் கடைசியில் துணுக்காக ஒதுக்கப்பட்ட தமிழ்ப் பாட்டுக்கு நடுவிடம் கேட்டு நடந்த போர் அது. பாட்டுக்கான போர் பெரிதும் நடந்தது. பாடநூலின் முதற்பக்கத்துக்கான போர் மிச்சம் இருக்கிறது. நூலகத்தில் பெருநூல் இருந்து என்ன, வகுப்பறையில் கரும்பலகை வடமொழியிலேயே பேசும்போது?

நம்மவருக்கும் ஒரு சொல். குரல், துத்தம் என்று மேடையில் முழங்கிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போவது தமிழிசைத் தொண்டாகாது. பொருள் விளங்காமல், ஒலி காட்டாமல் ஓதினால், துத்தமும் ஒரு மந்திரமே. கைக்கிளையும் ஒரு மந்திரமே. பழைய பூசாரியை வெளியேற்றிவிட்டுப் புதிய பூசாரியை அமர்த்தவா இத்தனை பாடு? ச ரி க ம என்னும் சிற்றெழுத்துகள் பாடுவதற்கு எளியவை, அவை இருக்கட்டும். அவற்றைப் பிடுங்கி எறிவது நம் நோக்கமன்று. பாடுகிற பிள்ளைக்குப் பொருள் தெரிய வேண்டும், அதுவே நோக்கம். பெயரை மாற்றுவது பாதி வேலை. பயனைப் பரப்புவதே முழு வேலை.

2017ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் சென்னையை இசைக்கான படைப்பு நகரங்களின் வரிசையில் சேர்த்தது. மகிழ்ச்சி! ஆனால் எந்தச் சென்னை? மார்கழிச் சபாக்களின் சென்னையா? மீன்பிடிக் குப்பத்தின் சென்னையும் சேர்ந்ததா? ஆலைத் தெருவில் கானா பாடும் சென்னையும் சேர்ந்ததா? நகரத்துக்குக் கிடைத்த பட்டத்தில் நகரத்தின் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் ஒரு கம்பி கட்டிய பலகை இருக்கட்டும். பாதியில் அழுத்தினால் வலிவு பிறப்பதைப் பிள்ளைகள் தம் விரலால் அறியட்டும். இசைப் பாடநூலின் முதற்பக்கத்தில் தமிழ்ச்சொல் முதலில் நிற்கட்டும். வழக்கிலுள்ள மறுபெயர் அதன் பக்கத்தில் நிற்கட்டும். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசையும் நாதசுரமும் தவிலும் பயில வரும் மாணவர்க்கு, உருப்போடும் முன்பே பொருள் விளக்கப்படட்டும். மாணவன் பொருள் கேட்டால் அதை மரியாதைக் குறைவு என்று எண்ணாத ஆசிரியர் பெருகட்டும்.

காற்றுக்குக் காவல் போட முடியாது. காற்றில் பிறக்கும் இசைக்குச் சொல்லால் வேலி கட்டியிருக்கிறார்கள். அந்த வேலி சொல்லால் ஆனது, சொல்லாலேயே பிரித்தெறியலாம். மாதரியின் தொழுவத்தில் இருந்த ஏழிசை, மீண்டும் மக்கள் முற்றத்துக்கு வரட்டும்!