பத்தாங் காலிக்கு வந்த கூடுதல் படை

போர் நீளும்போதெல்லாம் அரசியல் மன்றங்களில் எழும் வாதம் ஒன்றே: இன்னும் சில ஆயிரம் வீரரை அனுப்பினால் வெற்றி கிட்டிவிடும். 1968இல் வியட்நாமுக்கு மேலும் இரண்டு இலட்சம் பேர் வேண்டுமெனத் தளபதி கேட்டார். 2007இல் ஈராக்குக்கும் 2009இல் ஆப்கானிஸ்தானுக்கும் கூடுதல் படை சென்றது. இதற்குச் சான்று தேடுவோர் மலாயாவைக் காட்டுவர். இங்கே பிரிட்டிஷார் வென்றனர். ஆகவே எங்கும் வெல்லலாமாம்! இந்தக் கணக்கில் வட சிலாங்கூர்த் தோட்டங்கள் மட்டும் இடம்பெறுவதில்லை.

1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. படை போதவில்லை என்று அவ்வாண்டே பிரிட்டனிலிருந்து கூடுதல் படை அனுப்பப்பட்டது. அதில் வந்த ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர், டிசம்பர் 11, 12 ஆகிய நாள்களில் பத்தாங் காலி அருகே ஓர் இரப்பர்த் தோட்டத்தில் ஆயுதமற்ற சீனர் 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்றனர் என்றது அரசு. இருபது ஆண்டுகட்குப் பின் அப்படையினருள் சிலரே அதனை மறுத்துரைத்தனர்.

படை பெருகியும் போர் தணியவில்லை. 1951 அக்டோபர் 6ஆம் நாள் உயர் ஆணையர் கர்னி, பிரேசர் மலைச் சாலையில் கொல்லப்பட்டார். அடுத்து வந்த டெம்ப்ளர், காட்டுக்குள் மேலும் துருப்புகளைக் கொட்டுவதில் விடை இல்லை, மக்கள் உள்ளத்தில்தான் உள்ளது என்றார். சொன்னவரே 1952 மார்ச்சில், பெர்ணம் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தஞ்சோங் மாலிமில் 22 மணி நேர ஊரடங்கை விதித்து, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். உள்ளம் கவரும் வழி அதுவாயிற்று!

தோட்டப் பாட்டாளிகள் பட்டதோ தனிக்கதை. நாடெங்கும் சிதறிக் கிடந்த லயங்கள் ஒருசேரக் குவிக்கப்பட்டு, சுற்றிலும் முள்வேலி இடப்பட்டன. உணவுக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில், பால்மரம் சீவச் செல்வோர் சோறு எடுத்துச் செல்லலாகாது. விடியுமுன் பெரட்டில் நின்று, வெயிலேறும்வரை மரத்துக்கு மரம் நடப்பவனுக்குத் தூக்குச்சட்டிச் சோறு என்ன பொருள் தரும் என்பதை லண்டன் நாடாளுமன்றத்தில் யார் அறிவார்? வாயிலில் பெண்களும் சோதனைக்கு உள்ளாயினர். உரிமை கேட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி, 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கி வைத்திருந்தார் என்பதே குற்றச்சாட்டு. டெம்ப்ளரின் பெயரை மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு இச்சோற்றுக் கதையைச் சொல்வார் அரியர்.

படையே வாராதிருந்தால் தோட்டங்களைக் காத்திருப்பவர் யார் என்று கேட்பாருளர். கேள்வி நியாயமானதே, கம்யூனிஸ்டுகளின் குண்டுக்குத் தோட்டத்தாரும் இரையானதுண்டு. ஆயினும் அவர்களின் வேரை அறுத்தது துருப்புகளின் எண்ணிக்கையன்று. 1957 ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றதும், அந்நிய ஆட்சியை எதிர்க்கிறோம் என்ற முழக்கம் பொருளிழந்தது. மூன்றாண்டுகளில் அவசரகாலமும் முடிந்தது. வியட்நாமிலோ 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இருந்தனர்; மக்கள் தமதெனக் கருதும் ஆட்சி அமையவில்லை. 1975இல் சைகோன் வீழ்ந்தது. 2021இல் காபூலும் அவ்வாறே வீழ்ந்தது.

பத்தாங் காலியில் மாண்டோரின் உறவினர், பொது விசாரணை வேண்டி பிரிட்டனின் உச்ச நீதிமன்றம்வரை சென்றனர். 2015 நவம்பரில் அவர்களின் முறையீடு தள்ளப்பட்டது.