இருப்புப் பதிவேடும் உயிர்க் கயிறும்

மலையேற்றம் என்றவுடன் பனி மூடிய சிகரங்களே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் மலையேறும் கயிறு தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மலையில் கழிப்பதில்லை, அறையில்தான் கழிக்கிறது. தேசிய மாணவர் படை வாயிலாகக் கல்லூரி மாணவர்கள் டார்ஜிலிங், உத்தரகாசி முதலிய இடங்களுக்குச் சென்று மலையேற்றம் பயின்று திரும்புகின்றனர். கயிற்றில் முடிச்சுப் போடக் கற்பதோடு, அதை எங்கே வைப்பது என்பதையும் கற்க வேண்டும் என்பதே என் கருத்து.

1865-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள், ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக எட்டிய எழுவருள் நால்வர், இறங்கும் வழியில் கயிறு அறுந்து மாண்டனர். வலிய கயிறுகளும் அவர்களிடம் இருந்தன. அறுந்ததோ இருந்தவற்றுள் பழையதும் மெலிந்ததுமான கயிறு!

இன்றைய கயிறு நைலானால் ஆனது. அது உருக 200 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். அப்படியானால் நம் ஊரின் 42 டிகிரி வெயில் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். வெயில் கயிற்றை உருக்குவதில்லை, முதுமையடையச் செய்கிறது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் நைலானின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைச் சிறிது சிறிதாக அறுக்கின்றன. வெப்பம் அச்சிதைவை விரைவுபடுத்துகிறது. இவற்றினும் கொடியது அமிலம். மின்கல அமிலத்தின் ஆவி பட்டாலே கயிறு வலிவிழக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. அலுமினியக் கொக்கிகளுக்கு நம் கோடை வெப்பத்தால் கேடில்லை; ஈரமும் கடற்கரை உப்புக் காற்றுமே அவற்றின் பகை.

ஆகவே, தகரக் கூரையை ஒட்டிய பரணும், வெயிலில் நிற்கும் வண்டியும், இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் மூலையும் கயிற்றுக்கு ஆகா. காற்றோட்டமுள்ள, வெயில் புகாத, தரைத்தள அறையே ஏற்றது. நனைந்த கயிற்றை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் தளர்வாக இட்டு, தரையில் படாமல் வைக்க வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்றுண்டு. ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்க்கும்போது, "கயிறு - 2, உள்ளது" என்று எழுதிக் கையொப்பமிடுகிறோம். கயிறு உள்ளது, சரி. அதன் வலிமை உள்ளதா? நாற்காலியை எண்ணுவது போலக் கயிற்றையும் எண்ணலாமா? ஒவ்வொரு கயிற்றுக்கும் தனிக் குறிப்பேடு வேண்டும். செய்த ஆண்டு, பயன்படுத்திய நாள், தாங்கிய வீழ்ச்சி, சோதித்தவர் பெயர் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் பத்தாண்டுகளுக்கு மேல் கூடாது என்பது தயாரிப்பாளர் பலரின் விதி. காலம் முடிந்த கயிற்றைத் துண்டாக்கிக் கழித்துவிட வேண்டும். முழுதாகக் கிடந்தால் என்றேனும் ஒருவர் அதை நம்பித் தொங்குவார்.

அரசுப் பணம் வீணாகாதா என்பர் சிலர். கயிறு மீண்டும் வாங்கக்கூடிய பொருள். அதில் தொங்கும் மாணவன் அப்படியல்லன். மாணவ நண்பர்களே, முடிச்சைச் சோதிக்கும் முன், அந்தக் கயிறு சென்ற கோடையை எங்கே கழித்தது என்று கேளுங்கள். விடை கிடைக்காத கயிற்றில் ஏறாதீர்கள்!