கல்லாவில் இருப்பவனே கணக்கும் பார்ப்பதா?

வங்கியில் சாயங்காலம் கல்லா மூடும்போது பத்து ரூபாய் குறைந்தாலும் என்னால் வீட்டுக்குப் போக முடியாது. நோட்டைத் திரும்ப எண்ணணும், சீட்டுகளைத் திரும்ப அடுக்கணும், அப்பவும் குறைந்தால் கைக்காசைப் போட்டு நேர் செய்யணும். நான் எழுதிய பதிவை நானே சரிபார்க்க முடியாது, இன்னொருவர் கையெழுத்து வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர் எங்கள் கிளையைச் சேர்ந்தவராக இருக்கமாட்டார். இத்தனைக்கும் மேலே, வாடிக்கையாளர் புகார் சொல்ல 1995இலேயே ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் திட்டம் கொண்டுவந்துவிட்டது. பத்து ரூபாய்க்கு இவ்வளவு காவல். ஒரு சேரிக்காரன் உயிருக்கு?

என் சித்தப்பா உப்பளத்துப் பக்கம் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்டவர். உப்பு வாருகிற வேலை. கூலி பாக்கியைக் கேட்டதற்கு சாதியைச் சொல்லித் திட்டி மண்டையை உடைத்தார்கள். ஆம்புலன்சுக்கு போன் போட்டால், "காலனிக்குள்ள வண்டி வராது, மெயின் ரோட்டுக்குத் தூக்கிட்டு வந்துடுங்க" என்று பதில். கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் இரும்பையிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தையல் போட்டு முடித்திருந்தார்கள். அப்புறம் போலீசு. எந்தக் காவல் நிலையம் என்று எழுதவில்லை, எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும் என்பதால். ராத்திரி முழுக்க வேப்பமரத்தடி. மறுநாள் மூணு தரம் நடை. கடைசியில் கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது.

சித்தி அதைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து பெட்டியில் வைத்தாள். "கேஸ் போட்டுட்டாங்கப்பா, சீட்டு குடுத்திருக்காங்க." இது கேஸ் இல்ல சித்தி, மனு வாங்கினோம் என்பதற்கு மட்டும் ரசீது என்றேன். "உங்க பேங்க்ல பணம் கட்டினா சீட்டு தர்றீங்களே, அது மாதிரி இல்லியா இது?" என்று கேட்டாள். பட்டப்படிப்பு படித்த எனக்குப் பதில் வரவில்லை.

சட்டத்தில் குறை இல்லை தோழர்களே. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை போட்டே தீரவேண்டும் என்று லலிதகுமாரி வழக்கில் 2013இல் உச்சநீதிமன்றம் சொன்னது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்ந்த 18ஏ பிரிவு, வழக்குப் பதிய முன்விசாரணையே தேவையில்லை என்கிறது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, வேண்டுமென்றே கடமை தவறுகிற அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருசம் வரை சிறை என்கிறது. ஆனால் அந்த 4ஆம் பிரிவைப் பாய்ச்ச நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டுமாம். அதாவது தவறு செய்தவரின் மேலதிகாரி மனசு வைக்கவேண்டும். பூட்டும் அவர்களிடம், சாவியும் அவர்களிடம்.

இந்தப் பூட்டை உடைக்கத்தான் 2006 செப்டம்பர் 22இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் ஏழு கட்டளைகள் போட்டது. அதில் ஒன்று போலீசு மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம். மாநிலத்துக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்சநீதிமன்ற நீதிபதி தலைவர், மாவட்டத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. கேரளம் 2011 சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற நீதிபதியைத் தலைவராக்கியது. சமூக நீதி மண் என்று மார்தட்டுகிற தமிழ்நாடு என்ன செய்தது? 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்ட ஆணையத்துக்கு கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். எங்கள் வங்கியில் காசாளரையே தணிக்கையாளராகப் போட்டால் வாடிக்கையாளர் சிரிப்பார். இங்கே அதைச் சட்டமாக்கியிருக்கிறார்கள்.

அதே 2013 ஏப்ரல் 25இல்தான், மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழா நாளில், மரக்காணத்தில் கலவரம் மூண்டு தலித் வீடுகள் எரிந்தன.

இந்த ஏற்பாட்டின் லட்சணத்தை இந்தக் கடற்கரையே பார்த்தது. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். எஸ்.பி. இடைநீக்கம், சி.பி.சி.ஐ.டி. விசாரணை. கணக்கு முடிந்தது. பதின்மூன்றே மாசம் கழித்து 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். தலித்துகள் நிறைந்து வாழும் பகுதி, காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரம். செத்தவர்கள் அறுபதுக்கும் மேல். கலெக்டர் மாற்றம், எஸ்.பி. இடைநீக்கம். யோசித்துப் பாருங்கள், சாராயம் ஓடுது, போலீசு கண்டுக்கலை என்று கருணாபுரத்துப் பெண் ஒருத்தி முறைப்படி புகார் கொடுக்க நினைத்திருந்தால் எங்கே போயிருக்கவேண்டும்? இதே கலெக்டரும் எஸ்.பி.யும் உட்கார்ந்திருக்கிற மாவட்ட ஆணையத்துக்கு!

ஆக, இங்கே பொணம் விழுந்த பிறகுதான் தணிக்கை. 1978இல் விழுப்புரத்தில் பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்டபோது ஒரு விசாரணை ஆணையம். 1999இல் தாமிரபரணியில் பதினேழு பேர், ஓர் ஆணையம். 2011இல் பரமக்குடித் துப்பாக்கிச் சூடு, இன்னொரு ஆணையம். உயிரோடு இருக்கும்போது கணக்குக் கேட்க வழி கிடையாது.

ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வேறு கதை என்று நினைக்கவேண்டாம். கத்தியவாரில் பிரசவித்த தலித் பெண்ணுக்குச் சேரிக்குள் வந்து பார்க்க மருத்துவர் மறுத்ததையும் அவர் செத்ததையும் சொல்லும் கடிதம் 1929இல் 'யங் இந்தியா'வில் வந்தது. அம்பேத்கர் அதைத் தன் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் சேர்த்திருக்கிறார். அன்றைக்கு "தீட்டு" என்றார்கள், இன்றைக்கு "வழி சரியில்ல" என்கிறார்கள். எந்த நேரம் கூப்பிட்டோம், எந்த நேரம் வந்தது, எங்கே நின்றது என்று எழுதி வைத்தால் ஒழிய இதை நிரூபிக்க முடியாது.

இப்போது நம்மைப் பற்றியும் பேசவேண்டும். சித்தப்பா வழக்கு என்ன ஆச்சு? சமாதானம் ஆச்சு. பாக்கிக் கூலியில் பாதி வந்தது. நிலையத்து வாசலில் அதைப் பேசி முடித்தவர் நம்ம இயக்கத்து ஆள்தான். பக்கத்தில் நானும் நின்றேன். "விடு தம்பி, அவங்க நாளைக்கும் அளத்துக்குப் போகணும்ல" என்றார். உண்மைதான். ஆனால் ஒவ்வொரு சமாதானமும் அந்த நிலையத்தின் பதிவேட்டில் ஒரு வழக்கைக் குறைக்கிறது. "எங்க எல்லையில வன்கொடுமையே இல்ல" என்று அவர்கள் அறிக்கை எழுத நாமே மை ஊற்றிக் கொடுக்கிறோம்.

1966இல் ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைகள் போலீசு வண்டியின் பின்னாலேயே போனார்கள். கையில் துப்பாக்கியும் இருந்தது, சட்டப் புத்தகமும் இருந்தது. நமக்குப் புத்தகம் போதும், கூடவே ஒரு நோட்டு.

சேரிக்கு ஒரு நோட்டு போடுங்கள். யார், எந்தத் தேதி, எந்த நேரம் நிலையத்துக்குப் போனார், எத்தனை நேரம் உட்கார வைத்தார்கள், கிடைத்தது சி.எஸ்.ஆரா எப்.ஐ.ஆரா, ஆம்புலன்சு எத்தனை நிமிசத்தில் எதுவரை வந்தது என்று எழுதுங்கள். நோட்டு பெண்கள் கையில் இருக்கட்டும், நடையாய் நடப்பவர்கள் அவர்கள்தான். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 17ஆம் விதிப்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூணு மாசத்துக்கு ஒருதரம் கூடியாகணும். அதில் அதிகாரி அல்லாத தலித், பழங்குடி உறுப்பினர்களுக்கு இடம் உண்டு. உங்கள் மாவட்டத்தில் அவர்கள் யார், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மாணவர்கள் ஒரு மனு போடட்டும். அடுத்த கிராம சபையில் நோட்டை வாசித்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கை வைத்துக் குளம் வெட்டிய கணக்கைச் சபையில் கேட்டவர்கள்தானே நாம். மண்டை உடைந்த கணக்கை ஏன் கேட்கக் கூடாது? கூடவே 2013 சட்டத்தைத் திருத்தி, ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில், தலித்துகளும் பெண்களும் உட்காரும் ஆணையம் வேண்டும் என்ற கோரிக்கையை ஒவ்வொரு மேடையிலும் வையுங்கள்.

சித்தி அந்தச் சீட்டை இன்னும் பெட்டியில்தான் வைத்திருக்கிறாள். எங்கள் நோட்டின் முதல் வரி அந்தச் சீட்டின் எண். உங்கள் சேரி நோட்டின் பிரதியை எங்களுக்கு அனுப்புங்கள், அடுத்த இதழிலிருந்து அச்சிடுவோம்.