சாட்சிக்கா, காட்சிக்கா?

மலேசியச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் கண்ணில் படாத நேரமே இல்லை எனலாம். தொழிற்சாலைக்கு விரையும் ஊழியர், உணவு விநியோகிக்கும் இளைஞர், பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடும் தந்தை எனப் பலரும் அதையே நம்பி வாழ்கின்றனர். 16 வயது நிறைந்தவர் பி2 உரிமம் பெற்று, 250 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளை ஓட்டலாம். ஆதலால், இடைநிலைப்பள்ளி மாணவர் சிலரும் இவ்வரிசையில் சேர்ந்து கொள்கின்றனர். அண்மைக் காலமாக வண்டியின் கைப்பிடியிலும் ஓட்டுநரின் தலைக்கவசத்திலும் சிறிய கேமரா ஒன்று இடம்பிடித்து வருகிறது. இது தேவையான கருவியா, வெறும் பகட்டா?

தேவையான கருவிதான். எனினும், அதை எதற்காகப் பொருத்துவது, எங்கே பொருத்துவது, பதிவான காட்சியை என்ன செய்வது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தவரே அதைப் பொருத்த வேண்டும்.

முதலில், அதன் தேவையைக் காண்போம். மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. காரில் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. மோட்டார் சைக்கிளோட்டிக்கோ தலைக்கவசம் ஒன்றே துணை. மோதல் நிகழ்ந்தால் அவர் தூக்கி எறியப்படுகிறார். விபத்து நடந்து 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். காயமின்றித் தப்பியவர் உடனே சென்று தம் தரப்பைக் கூறிவிடுவார். மருத்துவமனையில் நினைவிழந்து கிடப்பவரின் தரப்பை யார் கூறுவது? சமிக்ஞை விளக்கு பச்சையாக இருந்ததா, சிவப்பாக இருந்ததா? லோரி தடம் மாறியதா, மோட்டார் சைக்கிள் குறுக்கே புகுந்ததா? இக்கேள்விகளின் விடையைப் பொறுத்தே காப்புறுதி இழப்பீடு அமையும். குடும்பத்தின் ஒரே வருமானத்தை ஈட்டியவர் படுக்கையில் இருக்கும்போது, அந்த இழப்பீடே வீட்டு அடுப்பை எரியச் செய்யும். தீர விசாரிப்பதே மெய் என்பர். விசாரிப்பதற்கு ஒரு சான்று வேண்டாமா? பேச முடியாதவருக்காகப் பேசும் சாட்சியாகக் கேமரா விளங்குகிறது.

அடுத்தது, பொருத்தும் இடம். கைப்பேசியையே கைப்பிடியில் மாட்டிப் பதிவு செய்வோர் உள்ளனர். இது சிக்கனமாகத் தோன்றினாலும் சரியான வழியன்று. ஆற்றல்மிக்க மோட்டார் சைக்கிள் இயந்திரத்தின் அதிர்வு, படத்தை நிலைப்படுத்தும் நுண்பாகங்களைக் காலப்போக்கில் பாதிக்கக்கூடும் என ஆப்பிள் நிறுவனமே 2021இல் தன் ஐபோன் பயனர்களை எச்சரித்தது. தலைக்கவசத்தில் துளையிட்டுக் கேமராவை மாட்டுவது அதனினும் ஆபத்தானது. உயிர் காக்கும் ஓட்டைப் பலவீனப்படுத்திவிட்டுச் சான்று தேடுவதில் என்ன பயன்? மழையைத் தாங்கும் கேமராவை வண்டியின் உடற்பகுதியில், முன்விளக்கிற்கு அருகே, பதிவு எண்ணையும் விளக்குகளையும் மறைக்காதவாறு உறுதியாகப் பொருத்துவதே நலம். சாவியைத் திருப்பியதும் அது தானாகவே இயங்க வேண்டும். சாவியை எடுத்ததும் நின்றுவிட வேண்டும். இல்லையேல், மின்கலத்தின் மின்சாரம் வீணாகும். அதோடு, ஓட்டும்போது கேமரா பதிகிறதா என்று குனிந்து பார்க்கும் தேவையும் இராது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டரைக் கடக்கிறது. இரண்டு நொடி பார்வை விலகினால், 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

மூன்றாவது கேள்வியே மிகக் கடினமானது. பதிவான காட்சி யாருக்காக? சிலருக்கு அது சாட்சியன்று. சமூக ஊடகத்தில் விருப்பக்குறிகளை அள்ளித்தரும் காட்சிப் பொருள். பார்ப்பவர் வியக்க வேண்டும் என்பதற்காக வேகத்தைக் கூட்டுகின்றனர். வாகனங்களுக்கு இடையே வளைந்து நெளிந்து செல்கின்றனர். கேமரா இல்லாதிருந்தால் நிதானமாகச் சென்றிருப்பவரை, அதே கேமரா விபத்தை நோக்கித் தள்ளுகிறது. இத்தகையோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கேமராவுக்கு உரிமையாளர் என்னும் பற்று கிடையாது. பிறர் செய்த தவற்றைப் பதிவதுபோலவே அவர் சிவப்பு விளக்கைத் தாண்டியதையும் அது பதிந்து வைக்கும்.

பிறர் தொடர்பான பொறுப்பும் உண்டு. அடிபட்டுக் கிடப்பவரின் முகமும் வண்டியின் பதிவு எண்ணும் தெரியும்படி காணொலியை உடனே பகிர்வோர், ஒரு தாய் தன் மகனின் நிலையைக் கைப்பேசித் திரையில் அறிய நேரும் கொடுமையை எண்ணிப் பார்ப்பதில்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத் தொடர்பான நடவடிக்கைகளுக்கே பொருந்தும். ஆகவே, எல்லாவற்றையும் சட்டமே தடுக்கும் என எதிர்பார்க்க இயலாது. மனச்சான்றும் தடுக்க வேண்டும். விபத்தின் பதிவு சேர வேண்டிய இடம் காவல்துறை. நினைவக அட்டை நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிவிடும் என்பதால், அதை விரைந்து பாதுகாத்து ஒப்படைப்பதே கடமை.

கேமரா மிகத் தேவைப்படும் எளிய தொழிலாளருக்கு அதை வாங்கும் வசதி இல்லையே எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கையில் இருக்கும் பணம் குறைவெனில், முதலில் தேய்ந்த டயரை மாற்ற வேண்டும். பிரேக்கையும் விளக்குகளையும் சரிபார்க்க வேண்டும். 1973 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ள தலைக்கவசம் தரமானதாக இருக்க வேண்டும். கேமரா இவற்றிற்கு அடுத்த இடத்தில்தான் வரும். ஏனெனில், அது நடந்ததைச் சொல்லுமே தவிர, நடக்கவிருப்பதைத் தடுக்காது. தடுக்கும் பொறுப்பு கைப்பிடியைப் பிடித்திருப்பவரிடமே உள்ளது. அப்பொறுப்பை உணர்ந்தவரின் வண்டியில் இருக்கும் கேமரா மட்டுமே நல்ல சாட்சியாகும்.